வெள்ள நேரத்தில் வாட்ஸ்அப்பும் ஃபேஸ்புக்கும்: சாட்ஸ்வர்த்தில் ஒரு தன்னார்வக் குழு எப்படித் தொடங்கலாம்?

கேள்வி சுருக்கமாக இது: தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில், சாட்ஸ்வர்த்தில் கோவிலைச் சார்ந்த இளைஞர் குழு ஒன்று இருக்கிறது. அடுத்த பெருமழையின்போது எக்ஸ், ஃபேஸ்புக், வாட்ஸ்அப் செய்திகளை மென்பொருள் வைத்துத் திரட்டி, எந்தத் தெருவில் தண்ணீர் நிற்கிறது, யார் மாட்டிக்கொண்டிருக்கிறார்கள் என்று வரைபடம் போட நினைக்கிறார்கள். எந்த மென்பொருள், எங்கிருந்து தொடங்குவது?

மென்பொருளிலிருந்து தொடங்காதீர்கள். ஒழுங்காகச் சொல்லிக்கொடுத்த ஐம்பது பேர் அனுப்பும் ஐம்பது செய்தி, தானாக அள்ளிய ஐம்பதாயிரம் பதிவைவிட மேல். ஏன் என்று சொல்கிறேன்.

இணையத்தில் கிடைக்கும் பழைய பாடங்கள் பெரும்பாலும் ட்விட்டரை (இன்றைய எக்ஸ்) நம்பி எழுதப்பட்டவை. 2010-இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் நிலநடுக்கத்தை ட்வீட்டுகளை வைத்தே கண்டுபிடிக்கலாம் என்று காட்டினார்கள். அதன்பின் பத்தாண்டு காலம் அதுதான் ராஜபாட்டை. இன்று அந்தப் பாதை பெரும்பாலும் அடைபட்டுவிட்டது. ட்விட்டர் தன் தரவை இலவசமாகப் பெரிய அளவில் எடுக்கவிட்டதை 2023-இல் நிறுத்தியது. ஃபேஸ்புக் பக்கங்களைக் கண்காணிக்க உதவிய கிரவுட்டாங்கிள் 2024 ஆகஸ்டில் மூடப்பட்டது. அதற்கும் முன்பே, பதிவோடு துல்லியமான இடக்குறி சேர்க்கும் வசதியை ட்விட்டர் 2019-இல் எடுத்துவிட்டது. இடம் இல்லாத பதிவு வெள்ள நேரத்தில் பாதி பயன்கூடத் தராது. அதோடு, நம் பகுதியில் மக்கள் பேசிக்கொள்வது வாட்ஸ்அப் குழுக்களில். அதை வெளியிலிருந்து எந்த மென்பொருளாலும் படிக்க முடியாது, படிக்கவும் கூடாது. குழுவில் இருப்பவர் தெரிந்தே, மனமொப்பித் தரவேண்டும்.

இதற்கு நம் ஊரிலேயே முன்மாதிரி இருக்கிறது. பால்மியெட் ஆற்றங்கரையில் குவாரி ரோடு வெஸ்ட் என்ற குடிசைப் பகுதி. அங்கே குடியிருப்பவர்கள், டர்பனின் எத்தேக்வினி மாநகராட்சிப் பொறியாளர்கள், குவாசூலு-நட்டால் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஆகியோர் ஒரே வாட்ஸ்அப் குழுவில் இருந்தார்கள். மாநகராட்சியின் மழை முன்னறிவிப்பு அதில் இறங்கும். ஆற்றின் மட்டம் எப்படி இருக்கிறது என்று கரையில் இருப்பவர்கள் படம் போடுவார்கள். 2022 ஏப்ரல் 11, 12 தேதிகளில் சில மழைமானிகளில் 24 மணி நேரத்தில் 300 மில்லிமீட்டரைத் தாண்டிக் கொட்டியது. குவாசூலு-நட்டால் மாகாணத்தில் 400-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். குவாரி ரோடு வெஸ்டில் வீடுகள் அடித்துச் செல்லப்பட்டன, ஆனால் உயிர் போகவில்லை. எச்சரிக்கை போய்ச் சேர்ந்தது, மக்கள் நகர்ந்தார்கள். அங்கே செயற்கை அறிவு எதுவும் இல்லை. செய்தி இருபுறமும் ஓடியது, அனுப்பியவரை வாங்கியவர் நம்பினார். நீங்கள் பார்த்துக் கற்கவேண்டியது இதைத்தான்.

இந்தோனேசியாவில் 2014-இல் தொடங்கிய பெட்டா ஜகார்த்தா இன்னொரு நல்ல வழியைக் காட்டியது. யாராவது வெள்ளம் பற்றி ட்வீட் போட்டால், தானியங்கிக் கணக்கு ஒன்று அவருக்கே பதில் எழுதி, இடத்தோடு உறுதிசெய்யச் சொல்லிக் கேட்கும். சும்மா ஒட்டுக்கேட்பதைவிடத் திருப்பிக் கேட்பது நல்லது. உங்கள் குழுவில் ஒரு மனிதரே இதைச் செய்யலாம்: மாநகராட்சியின் ஃபேஸ்புக் பக்கத்தில், உள்ளூர்ச் செய்திப் பக்கத்தில் வரும் பின்னூட்டங்களைப் பார்த்து, “எந்தச் சாலை, எந்தக் கடைக்குப் பக்கம், இப்போது பார்த்ததா?” என்று கேட்பது.

இனி வேலையின் உள்ளே போவோம். மிகக் கடினமான பகுதி இடம்தான்.

டர்பனில் ஒரே இடத்துக்கு மூன்று பெயர் சாதாரணம். சாட்ஸ்வர்த்தின் ஒரு பகுதியைப் பெரியவர்கள் ‘யூனிட் 2’ என்பார்கள், பிள்ளைகள் பேவியூ என்பார்கள். ‘யூனிட் 3’ என்றால் வெஸ்ட்கிளிஃப். நகர மையத்தில் கிரே ஸ்ட்ரீட் டாக்டர் யூசுஃப் டாடூ ஸ்ட்ரீட் ஆனது, வெஸ்ட் ஸ்ட்ரீட் டாக்டர் பிக்ஸ்லி காசெமே ஸ்ட்ரீட் ஆனது. நகரின் வடக்கே நார்த் கோஸ்ட் ரோடு கிறிஸ் ஹானி ரோடு ஆனது. வரைபடத்தில் புதுப்பெயர், அவசரத்தில் வாயில் வருவது பழைய பெயர். டோங்காட் இப்போது ஓத்தோங்காத்தி. ஆகவே முதல் வேலை ஒரு பெயர் அட்டவணை: இன்றைய அதிகாரப் பெயர், பழைய பெயர், யூனிட் எண், பேச்சுவழக்குப் பெயர், வழக்கமான எழுத்துப்பிழைகள், ஆயத்தொலைவு (அட்சரேகை, தீர்க்கரேகை எண்கள்). கோவில், பள்ளிக்கூடம், மசூதி, தேவாலயம், பெட்ரோல் பங்க், டாக்ஸி ராங்க், தரைப்பாலம் எல்லாவற்றையும் சேருங்கள். அறுபது வயதுக்கு மேற்பட்ட இரண்டு மூன்று பேரை உட்காரவைத்து எழுதினால் ஒரு வாரயிறுதியில் முந்நூறு வரி தேறும். இந்த அட்டவணையை எந்தக் கடையிலும் வாங்க முடியாது. உங்களிடம் இருக்கப்போகும் மிக மதிப்புள்ள தரவு இதுதான்.

ஆயத்தொலைவில் டர்பனுக்கே உரிய ஒரு பொறி இருக்கிறது. சாட்ஸ்வர்த் சுமாராக மைனஸ் 29.91, 30.88. அதாவது இரண்டு எண்ணும் முப்பதை ஒட்டியவை. மைனஸ் குறி விழுந்துபோனால் உங்கள் புள்ளி கெய்ரோவுக்கு மேற்கே பாலைவனத்தில் போய் விழும். அட்சரேகையும் தீர்க்கரேகையும் இடம் மாறினால் வட அட்லாண்டிக் கடல். இரண்டு பிழையும் சேர்ந்தால் அலெக்சாந்திரியாவுக்குத் தெற்கே. எண்ணை மட்டும் பார்த்தால் கண்ணுக்குத் தப்பிவிடும். வரைபடப் புள்ளிகளைச் சேமிக்கும் ஜியோஜேசன் கோப்பில் தீர்க்கரேகை முதலில் வரும், கூகுள் மேப்பில் அட்சரேகை முதலில் வரும் என்பதால் இந்த மாற்றம் அடிக்கடி நடக்கிறது. விரிதாளிலேயே ஒரு தடை போடுங்கள்: அட்சரேகை மைனஸ் 30.2-க்கும் மைனஸ் 29.4-க்கும் இடையில், தீர்க்கரேகை 30.5-க்கும் 31.3-க்கும் இடையில் இல்லையென்றால் கட்டம் சிவப்பாகட்டும். தசமத்துக்குப் பின் நான்கு இலக்கம் போதும், அது ஏறக்குறைய 11 மீட்டர் துல்லியம்.

இடத்தின் நம்பகத்தையும் தனியாக எழுதுங்கள். பகிர்ந்த இருப்பிடம் என்றால் 1, சாலையும் அடையாளமும் சொன்னால் 2, வெறும் வட்டாரப் பெயர் என்றால் 3. மூன்றாம் தரப் புள்ளியை வரைபடத்தில் குத்தினால் அது வட்டாரத்தின் நடுவில் ஏதோ ஒரு வீட்டின் மேல் உட்கார்ந்துகொள்ளும். மீட்பு வண்டி அங்கே போய் நிற்கும். மூன்றாம் தரத்தைப் பட்டியலில் மட்டும் வையுங்கள்.

வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் அதற்குள் இருக்கும் இடமும் நேரமும் அழிக்கப்பட்டுவிடும். அதே படத்தை ‘டாக்குமெண்ட்’ ஆக அனுப்பினால் அழியாது. ஆனால் பதற்றத்தில் இருப்பவரிடம் அதையெல்லாம் எதிர்பார்க்க வேண்டாம். ‘இருப்பிடம் பகிர்’ பொத்தானை அழுத்தச் சொல்லுங்கள். குழு உரையாடலை வெளியே எடுத்துச் சேமித்தால் அந்த இருப்பிடம் ஆயத்தொலைவுள்ள இணைப்பாக உரையில் வந்துவிடும், சின்ன நிரல் ஒன்றால் பிரித்துவிடலாம். சேமிக்கும்போது கவனிக்க வேண்டியவை இரண்டு. ஃபோனின் மொழி அமைப்பைப் பொறுத்துத் தேதி வடிவம் மாறும். 04/12 என்பது ஏப்ரலா டிசம்பரா என்று குழம்பும். இரண்டு மூன்று வரியாக எழுதிய செய்தியை எளிய நிரல்கள் தனித்தனிச் செய்தி என்று எடுத்துக்கொள்ளும். தேதியில் தொடங்காத வரியை முந்தைய செய்தியோடு ஒட்டவேண்டும். மற்ற தளங்களிலிருந்து வரும் நேரம் பெரும்பாலும் உலகப் பொது நேரம். நமக்கு அதோடு இரண்டு மணி கூட்டவேண்டும். கூட்ட மறந்தால் நள்ளிரவு முதல் இரண்டு மணி வரையிலான பதிவுகள் முந்தைய நாளில் போய் உட்காரும்.

செய்தி அனுப்புவோருக்கு ஐந்தே கேள்வி கொடுங்கள்: எங்கே, எத்தனை மணிக்குப் பார்த்தீர்கள், என்ன, நீங்களே பார்த்ததா யாராவது சொன்னதா, யாருடைய உயிருக்காவது ஆபத்தா. தண்ணீர் ஆழத்தை உடம்பால் சொல்லச் சொல்லுங்கள்: கணுக்கால், முழங்கால், இடுப்பு. ஓடும் தண்ணீர் 15 சென்டிமீட்டர் இருந்தாலே ஆளைத் தள்ளிவிடும், 30 சென்டிமீட்டரில் சிறிய கார் மிதக்கத் தொடங்கும், 60 சென்டிமீட்டரில் பெரும்பாலான வண்டிகளை இழுத்துக்கொண்டு போய்விடும். எனவே ‘முழங்கால் அளவு, ஓடுகிறது’ என்பது மிக அவசரமான செய்தி. ‘இடுப்பளவு, தேங்கி நிற்கிறது’ அதற்கு அடுத்தது. தண்ணீர் ஓடுகிறதா நிற்கிறதா என்பதைக் கேட்க மறக்காதீர்கள்.

விரிதாளில் ஒரு செய்திக்கு ஒரு வரி. வரிசை எண், வந்த நேரம், நடந்த நேரம், மூலம், அவர் சொன்ன சொற்களிலேயே இடம், ஆயத்தொலைவு, இடத்தரம், வகை, ஆழம், சரிபார்ப்பு நிலை, யாரிடம் ஒப்படைத்தோம், முடிந்ததா. கடைசி இரண்டு பத்தியும் காலியாகக் கிடந்தால் மேலே செய்த வேலை எல்லாம் வீண். ஒரு ஷிஃப்டுக்கு ஆறு பேர் போதும்: திரட்ட ஒருவர், இடம் காண இருவர், சரிபார்க்க இருவர், வெளியே பேச ஒருவர். நான்கு மணி நேரத்துக்கு மேல் யாரையும் உட்காரவைக்காதீர்கள். ஐந்தாம் மணியில் கண் பார்ப்பது மூளைக்கு ஏறாது.

மொழியைப் பற்றி. நம் பிள்ளைகள் ஆங்கிலத்தில் எழுதுகிறார்கள், பக்கத்து உம்லாசியில் சூலு. ஆங்கிலச் சொல்லை மட்டும் தேடினால் மலைச்சரிவின் பாதிப் பேர் காணாமல் போய்விடுவார்கள். சூலுவில் வெள்ளம் ‘இஸிகுகூலா’, தண்ணீர் ‘அமன்ஸி’, நெருப்பு ‘உம்லிலோ’. தமிழில் வெள்ளம் ‘வெள்ளத்தில்’, ‘வெள்ளத்தால்’ என்று வாலில் மாறுவதுபோல் சூலுச் சொல் தலையில் மாறும். முழுச் சொல்லைத் தேடாமல் நடுவேரைத் தேடுங்கள். சூலு பேசும் இருவர் குழுவில் இருப்பது எந்த மொழிபெயர்ப்புச் செயலியையும்விட நல்லது. குரல் செய்திகளைக் கேட்டு எழுதவும் அவர்கள் வேண்டும்.

உரையைப் படித்து எழுதும் செயற்கை அறிவான மொழி மாதிரிகளை வைத்துச் செய்திகளை வகைப்படுத்தலாமா? செய்தி ஆயிரக்கணக்கில் வந்தால் செய்யலாம். இரண்டு நிபந்தனை. செய்தியில் இடம் இல்லையென்றால் காலியாக விடு என்று கட்டளையில் எழுதவேண்டும். இல்லாவிட்டால் அது ஊகித்து நிரப்பும். பிறகு நூறு செய்தியைக் குத்துமதிப்பாக எடுத்து மனிதர் சரிபார்க்கவேண்டும். ஆங்கிலத்துக்குத் தனியாக, சூலுவுக்குத் தனியாக. மொத்தமாக எண்ணினால் சூலுவில் நடக்கும் பிழை ஆங்கில வெற்றிக்குள் மறைந்துவிடும். வீட்டு முகவரியும் ஃபோன் எண்ணும் உள்ள செய்தியை அப்படியே வெளிச் சேவைக்கு அனுப்பாதீர்கள். எண்ணை மறைத்துவிட்டு அனுப்புங்கள்.

சரிபார்ப்பில் முதல் விதி: செய்திகளை எண்ணாதீர்கள், கண்ணால் பார்த்தவர்களை எண்ணுங்கள். ஒரே வீடியோ நூறு குழுவில் சுற்றினாலும் அது ஒரே சாட்சி. ‘பலமுறை முன்னனுப்பப்பட்டது’ என்ற அம்புக்குறி இருந்தால் அனுப்பியவர் சாட்சியே அல்ல. தனித்தனியாக இருவர், 200 மீட்டருக்குள், ஒரு மணி நேரத்துக்குள் சொன்னால் ‘உறுதி’. ஒருவர் மட்டும் என்றால் ‘உறுதியாகவில்லை’. ஆனால் உயிராபத்து என்றால் ஒருவர் சொன்னாலே உடனே மாநகராட்சிக் கட்டுப்பாட்டு அறைக்கு, ‘உறுதியாகவில்லை’ என்ற குறிப்போடு.

வீடியோவில் வண்டிகளின் நம்பர் பிளேட்டைப் பாருங்கள். பழைய வகைப் பலகையில் என்.டி. என்று தொடங்கினால் டர்பன், என்.பி. என்றால் பீட்டர்மாரிட்ஸ்பர்க். வண்டிகள் சாலையின் வலப்பக்கம் போனால் அது நம் நாடே அல்ல. கூகுள் லென்ஸில் ஒரு காட்சியைப் போட்டுப் பார்த்தால் பழைய படங்கள் பெரும்பாலும் சிக்கும். அதேநேரம், நம்பமுடியவில்லை என்பதற்காகப் பொய் என்று தள்ளிவிடவும் கூடாது. 2022 வெள்ளத்தில் டோங்காட் பக்கம் பண்ணையிலிருந்து முதலைகள் தப்பிவிட்டன என்ற செய்தி வதந்திபோலத்தான் ஒலித்தது. மாகாண வனவிலங்கு அமைப்பான எசெம்வேலோ அதை உறுதிசெய்தது.

இப்போது நான் மிக அழுத்திச் சொல்ல விரும்புவது. வரைபடத்தில் புள்ளி இல்லாத இடம் பாதுகாப்பான இடம் அல்ல. மிக மோசமாக அடிபட்ட இடம் பெரும்பாலும் பேசாது. 2022-இல் நூற்றுக்கணக்கான கைபேசிக் கோபுரங்கள் செயலிழந்தன, மின்சாரம் போனது, டேட்டா வாங்கப் பணமில்லாதவர் முதலிலேயே பேசவில்லை. வசதியான தெருவில் தேங்கிய மழைநீருக்கு நாற்பது படம் வரும், குடிசைப் பகுதியில் சரிந்த மண்ணுக்கு ஒன்றும் வராது. எனவே ஒவ்வொரு பகுதியிலும் வழக்கமாக மணிக்கு எத்தனை செய்தி வரும் என்று முன்கூட்டியே தெரிந்துகொள்ளுங்கள்: கடந்த நான்கு வாரத்தில் அதே கிழமை, அதே மணி, அதன் இடைநிலை எண் (வரிசைப்படுத்தினால் நடுவில் நிற்பது). அதைப்போல மூன்று மடங்கு ஏறி, குறைந்தது ஐந்து வெவ்வேறு ஆட்கள் பேசினால் ஒரு எச்சரிக்கை. மழை கொட்டும்போது திடீரென்று சுழியத்துக்கு இறங்கினால் அதைவிடப் பெரிய எச்சரிக்கை. அங்கே ஆளை அனுப்பவேண்டும், அல்லது அனுப்பச் சொல்லவேண்டும். ஈஸ்டர் வாரத்தில் இசிபிங்கோ மாரியம்மன் கோவிலில் கூட்டம் திரளும்போது அந்தப் பகுதியின் எண்ணிக்கை எகிறும். திருவிழா நாட்களை அடிப்படைக் கணக்கில் சேர்க்காதீர்கள். டேட்டா இல்லாதவர்களுக்கு, ‘என்னை அழையுங்கள்’ என்று கேட்கும் ‘ப்ளீஸ் கால் மீ’ குறுஞ்செய்தி இலவசம். அதை வாங்கித் திருப்பி அழைக்க ஒரு ஃபோனை ஒதுக்குங்கள்.

அடுத்தது, சேகரித்ததால் வரும் கேடு. 2021 ஜூலைக் கலவரத்தில் 350-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். டர்பனின் பீனிக்ஸிலும் சுற்றுப்புறத்திலும் மட்டும் 36 பேர். ‘அவர்கள் வருகிறார்கள்’ என்ற வகைக் குரல் செய்திகளும் வதந்திகளும் இந்தியக் குடும்பங்களுக்கும் இனாண்டா, குவாமாஷு பக்கத்து ஆப்பிரிக்கக் குடும்பங்களுக்கும் நடுவே பயத்தை ஊதிப் பெருக்கின. நம் சமூகம் இதை மறக்கக்கூடாது. ஆகவே உறுதியாகாத எதையும் பொதுவில் போடாதீர்கள், வெள்ள வரைபடத்தில்கூட. கூட்டம், கொள்ளை, துப்பாக்கிச் சத்தம் பற்றிய செய்திகள் உங்கள் வரைபடத்தில் இடம்பெறவே வேண்டாம். நேராகக் காவல்துறைக்குக் கொடுத்துவிட்டு நிறுத்திக்கொள்ளுங்கள். எந்த இனத்தவர் என்ற பத்தி விரிதாளில் இருக்கக்கூடாது. காலியான வீடுகளின் பட்டியல் திருடனுக்கு வழிகாட்டி. வெளியிடும் வரைபடத்தில் வீடு வேண்டாம், சாலை போதும். போப்பியா எனப்படும் தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டம் 2021 ஜூலை 1 முதல் முழு வீச்சில் நடைமுறையில் இருக்கிறது. எதற்காக எடுக்கிறோம் என்று குழுவில் முதலிலேயே எழுதிவையுங்கள், அதற்கு மட்டும் பயன்படுத்துங்கள், நெருக்கடி முடிந்து முப்பது நாளில் பெயர்களையும் எண்களையும் அழித்துவிடுங்கள். பெயரற்ற இடமும் ஆழமும் மட்டும் அடுத்த ஆண்டுக்கு வைத்துக்கொள்ளலாம். எந்த வடிகால் திரும்பத் திரும்ப அடைக்கிறது என்று வார்டு உறுப்பினரிடம் காட்ட அது உதவும்.

யாரிடம் ஒப்படைப்பது? 2002-ஆம் ஆண்டின் பேரிடர் மேலாண்மைச் சட்டப்படி பெருநகராட்சிக்கு ஒரு பேரிடர் மேலாண்மை மையம் இருந்தாகவேண்டும். மழைக்காலத்துக்கு முன்பே அங்கே போய், ஒரே ஒரு ஆளின் பெயரையும் மாற்று ஆளின் பெயரையும் வாங்குங்கள். அவர்களுக்கு உங்கள் வரைபட இணைப்பு வேண்டாம். அரை மணிக்கு ஒருமுறை பத்து வரிக்கு மிகாத உரைச் செய்தி வேண்டும்: சாலை, ஆழம், ஓடுகிறதா, எத்தனை பேர் மாட்டியிருக்கிறார்கள், உறுதியா இல்லையா. உங்களை அழைக்கும் ஒவ்வொருவரையும் முதலில் 112-க்கோ ஆம்புலன்சுக்கான 10177-க்கோ அழைக்கச் சொல்லுங்கள். நீங்கள் மீட்புப் படை அல்ல என்று குழுவின் முகப்புக் குறிப்பிலேயே இருக்கட்டும். இல்லாவிட்டால் உங்களுக்குச் செய்தி அனுப்பிவிட்டுக் கூரைமேல் காத்திருப்பார்கள். எதிர்ப்புறமாக, வானிலைத் துறையின் எச்சரிக்கை நிலை ஏறும்போது அதை எளிய ஆங்கிலத்திலும் சூலுவிலும் உங்கள் குழுக்களுக்குத் தள்ளுங்கள். ‘ஆரஞ்சு, நிலை 6’ என்றால் பலருக்கு ஒன்றும் விளங்காது. ‘இன்றிரவு ஆற்றோரம் தூங்காதீர்கள், வண்டியை மேட்டில் நிறுத்துங்கள்’ என்றால் விளங்கும்.

ஒத்திகை இல்லாமல் இது எதுவும் நடக்காது. செப்டம்பரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, முப்பது பேர் முப்பது இடத்திலிருந்து கற்பனைச் செய்தி அனுப்பட்டும். ஒவ்வொன்றின் தொடக்கத்திலும் ‘ஒத்திகை’ என்ற சொல் கட்டாயம். அதில் ஐந்தைத் தவறான இடத்தோடும், ஐந்தை ஒரே வீடியோவின் மறுபதிப்பாகவும் கலந்துவிடுங்கள். செய்தி வந்து ஒப்படைக்கும் வரை எத்தனை நிமிடம் என்று அளந்து பாருங்கள். முதல்முறை நாற்பது நிமிடம் ஆனால் வருத்தப்படாதீர்கள். பத்துக்குள் கொண்டுவருவது இலக்கு. ஏன் செப்டம்பர் என்றால், 1987-இன் பெருவெள்ளம் செப்டம்பர் கடைசியில் வந்தது. கண்காணிப்பை மார்ச்சில் முடித்துவிடவும் வேண்டாம். 2019-இலும் 2022-இலும் வெள்ளம் ஏப்ரலில்தான் வந்தது. 2022-இல் சித்திரைப் பிறப்புக்கு இரண்டு நாள் இருக்கையில். எல்லாரும் கோவில் வேலையில் மூழ்கியிருக்கும் அந்த வாரத்துக்கு ஷிஃப்ட் பட்டியலை இப்போதே எழுதி வையுங்கள்.